மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் கரையிலிருந்து தூண்டில் போட: புதியவர்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், காசல்ரீ நீர்த்தேக்கத்து ஓரம் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தால் யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து குந்துவார். முதலில் மீனைப் பார்ப்பார், அப்புறம் ராட்டை, அதாவது தூண்டில் கம்பைப் பார்ப்பார், அப்புறம் "அண்ணே, இது என்ன விலை?" என்று தொடங்குவார். நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் அதே சந்தேகங்கள்தான். பல வருடங்களாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

யூடியூப்ல எல்லாரும் பாஸ் மீன்தான் புடிக்கிறாங்க. நம்ம டேம்ல பாஸ் இருக்கா அண்ணே?

அந்த வீடியோக்களில் வருவது வட அமெரிக்காவைச் சேர்ந்த பெருவாய்ப் பாஸ். நாம் தூண்டில் போடும் நீர்த்தேக்கங்களில் கிடைக்கும் மீன் அது இல்லை. தாழ்நிலக் களப்புகளில் கிடைக்கும் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் பாஸ் என்று சேர்த்துச் சொல்வார்கள். அது வேறு இனம், மலைக்கு ஏறி வராது.

ஆனாலும் அந்த வீடியோக்கள் வீண் இல்லை. கரையில் நின்று பாஸ் பிடிக்கப் புதியவர்களுக்குச் சொல்லும் நடுத்தர ராட்டும், நூலைச் சுற்றி வைக்கும் சின்ன ஸ்பின்னிங் ரீலும் நம் மீனுக்கும் அப்படியே பொருந்தும். வித்தியாசம் வருவது ஊசியிலும் (மீன் மாட்டும் முள்) இரையிலும்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எங்கிருந்தாவது பாஸ் குஞ்சு கொண்டுவந்து விட்டால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். தயவுசெய்து அந்த எண்ணமே வேண்டாம். ஜப்பானில் அப்படிப் பரவிய பாஸ் அங்கிருந்த சின்ன மீன்களைத் தின்று தீர்த்ததால், 2005ல் அதை அழிவு தரும் அந்நிய இனமாகச் சட்டத்தில் சேர்த்து, வளர்ப்பதையும் வெளியில் விடுவதையும் தடுத்தார்கள்.

அப்ப நம்ம பக்கம் தூண்டில்ல என்னதான் விழும்?

பெரும்பாலும் திலாப்பியா. அதுவும் வந்தேறி மீன்தான், ஆபிரிக்க இனம், 1952ல் இலங்கைக்கு வந்தது. வாய் சின்னது, இரையைக் கொத்திக் கொத்தித் தின்னும். அடுத்தது கார்ப். அடியில் மண்ணைக் கிளறித் தின்னும், மாட்டிக்கொண்டால் நேராக ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடும். உயரம் குறையக் குறைய, புல் அடர்ந்த ஓரங்களில் விரால் கிடைக்கும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் கீழே எல்லாப் பதிலும் சொல்கிறேன். ஒரே ஒரு செட் வாங்கப் போகிறவர் திலாப்பியாவையும் நடுத்தரக் கார்ப்பையும் கணக்கில் எடுத்து வாங்கினால் போதும்.

மூங்கில் கம்புல தங்கூசி கட்டி எங்க தாத்தா காலத்துல இருந்து புடிக்கிறோம். எதுக்கு ராட்டும் ரீலும்?

மூங்கிலைக் குறைவாக நினைக்காதீர்கள். நல்ல காய்ந்த மூங்கில், மெல்லிய தங்கூசி (நைலான் நூல்), சின்ன ஊசி, மண்புழு இருந்தால் கரையோரத் திலாப்பியாவுக்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. நுனி மெல்லியதாக இருப்பதால் சின்னக் கொத்தல்கூடக் கையில் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் தூண்டிலாக நான் இன்றைக்கும் மூங்கிலைத்தான் கொடுப்பேன்.

ஆனால் நம் தேக்கங்கள் குளம் மாதிரி இல்லை. மலைப் பள்ளத்தாக்கை அணை கட்டி மறித்த நீர். தண்ணீர் இறங்கும் மாதங்களில் மீன் கரையை விட்டு இருபது முப்பது மீட்டர் தள்ளிப் போய்விடும், மூங்கில் அங்கே எட்டாது. இன்னொன்று, மூங்கிலில் பெரிய கார்ப் மாட்டினால் விட்டுக்கொடுக்க நூல் இல்லை. கம்பு வளையும், அப்புறம் தங்கூசி அறும். ரீல் வேண்டியிருப்பது இந்த இரண்டு காரணத்துக்காகத்தான்.

ராட் வாங்கப் போனா கடைக்காரர் நூறு வகை காட்டுறார். என்னத்தப் பார்த்து எடுக்கிறது?

நீளம் ஆறரை முதல் ஏழு அடி. இரண்டாகக் கழற்றும் வகை. அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள்: இரை எடை 5 முதல் 20 கிராம் வரை, நூல் 6 முதல் 12 இறாத்தல் (lb) வரை என்று ஏறத்தாழ இருந்தால் அதுதான் உங்கள் ராட். 50 கிராம், 100 கிராம் என்று போட்டிருந்தால் அது கடலுக்கு. நம் நாட்டுக் கடைகளுக்கு வரும் சாமானில் பெரும் பகுதி கடல்கரைக்காரர்களை நினைத்து வருவதால், ஹட்டனிலோ கண்டியிலோ கேட்டாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணாடி நார் ராட் கொஞ்சம் கனம், ஆனால் கல்லில் இடித்தாலும் தாங்கும். கார்பன் மெலிதாக இருக்கும், கையில் உணர்வு நன்றாகத் தெரியும், அடி பட்டால் வெடிப்பு விழும். இரண்டும் கலந்தது கிடைத்தால் புதியவருக்கு அதுவே போதும்.

காசு கொடுக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். இரண்டு துண்டையும் பொருத்தி ஆட்டிப் பாருங்கள், மூட்டு தளரக் கூடாது. துப்பாக்கிக்குக் குறி பார்ப்பதுபோல ஒரு முனையிலிருந்து பார்த்து எல்லா வளையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்து இழுங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் பின்னால் உங்கள் நூலை அறுக்கும்.

பஸ்ல போகணும். உள்ளுக்குள்ள மடக்கிற ராட் வாங்கினா என்ன?

வாங்கலாம், ஆனால் முதல் ராட்டாக நான் சொல்லமாட்டேன். துண்டு துண்டாக உள்ளே இறங்குவதால் மூட்டு அதிகம். மண் புகுந்தால் இறுகிக்கொள்ளும், வளையங்களும் திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டாகக் கழற்றும் ஏழடி ராட் கழற்றினால் மூன்றரை அடிதான். பழைய பிவிசி குழாயில் போட்டால் ஹட்டன் பஸ்ஸில் எவ்வளவு நெரிசலிலும் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு வரலாம்.

ரீல் பெருசா இருந்தா பெரிய மீனுக்கு நல்லதுதானே?

இல்லை. 2000 அல்லது 2500 என்று போட்ட ஸ்பின்னிங் ரீல் போதும். 5000, 6000 எல்லாம் கடலுக்கு. சின்ன ராட்டில் பெரிய ரீலை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

எத்தனை பேரிங் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் அதிகம் இருக்கக் கூடாது. நூலைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி வளையம், அதாவது பெயில், டக்கென்று மூட வேண்டும். முக்கியமாக, ஸ்பூலின் (நூல் சுற்றிய உருளையின்) மேலுள்ள டிராக் திருகை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் திருகைத் தளர்த்தி நூலை இழுத்துப் பாருங்கள். விக்கி விக்கி வராமல் ஒழுங்காக வந்தால் நல்ல ரீல். கைப்பிடியை இடது பக்கமோ வலது பக்கமோ மாற்றிப் போடலாம், இடக்கைக்காரர் தனி ரீல் தேட வேண்டியதில்லை.

ராட்டுக்கு மேலே மாட்டும் உருளை மாதிரி ரீல் பாஸ் வீடியோவில் வரும். அதை எறியும்போது கட்டைவிரலால் ஸ்பூலை அடக்கத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் உள்ளேயே நூல் கூடு கட்டிவிடும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கூசி எந்த மொத்தம்? தடிப்பா இருந்தா அறாதுல்ல?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். புதியவர்கள் மீன் பிடிபடாமல் சலித்துப்போய் ராட்டைப் பரணில் போடுவதற்கு முதல் காரணம் தடித்த தங்கூசி.

தீபாவளி முற்பணத்தில் என் முதல் ரீலை வாங்கியபோது கடைக்காரர் அரை மில்லிமீட்டர் தங்கூசியைச் சுற்றிக் கொடுத்தார், அதற்கேற்ற பெரிய ஊசியும் கொடுத்தார். "எந்த மீனும் அறுக்காது தம்பி" என்றார். சொன்னது உண்மை. காசல்ரீயில் காலையிலிருந்து பின்னேரம் வரை நின்றேன். பாண் உருண்டை மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. பத்தடி தள்ளி மூங்கிலும் முடி மாதிரித் தங்கூசியும் வைத்திருந்த மாமா ஒருவர் பை நிறைய எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் நூலை விரலில் உருட்டிப் பார்த்து, "இது வேலி கட்டுறதுக்கு நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு விளங்காதது இதுதான். விட்டம் இரண்டு மடங்கானால் நூல் பிடிக்கும் இடம் நான்கு மடங்காகும். 0.25 மி.மீ. நூல் 160 மீட்டர் கொள்ளும் ஸ்பூலில் 0.50 மி.மீ. நூல் 40 மீட்டர்தான் கொள்ளும். தடித்த நூல் சுருள் நினைவோடு கம்பிபோல வரும், வளையங்களில் உரசும், சின்ன இரையைத் தூரம் போக விடாது. காற்று அதைப் பிடித்து இழுக்கும். நம் தேக்கங்களில் பத்து மணிக்கு மேல் காற்று எழும்பாத நாள் குறைவு. தண்ணீருக்குள் இரை இயல்பாக அசையாது, திலாப்பியாவின் மெல்லிய கொத்தல் உங்கள் விரலுக்கு வந்து சேராது.

ஆகவே: திலாப்பியாவுக்கு மட்டும் என்றால் 0.20 மி.மீ., அது ஏறத்தாழ 6 இறாத்தல். கார்ப்பும் வரும் இடம் என்றால் 0.25 மி.மீ., 8 முதல் 10 இறாத்தல். அதற்கு மேல் வேண்டாம். 10 இறாத்தல் என்றால் நாலரைக் கிலோ இழுவை தாங்கும். டிராக்கைச் சரியாக வைத்தால் அதைவிடப் பெரிய மீனையும் அதே நூலில் கரை சேர்க்கலாம், மீனுடைய முழு எடையையும் நூல் தூக்குவதில்லையே. மலிவு நூலில் இறாத்தல் கணக்கைக் கூட்டி அச்சிடுவதுண்டு, மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

தங்கூசி தடைன்னு சொல்றாங்களே, வச்சிருந்தா புடிப்பாங்களா?

தடை தங்கூசி வலைக்கு. தூண்டிலில் கட்டும் நூலுக்கு இல்லை. பயப்பட வேண்டாம்.

டிராக் டிராக்னு சொல்றீங்க. அதை எவ்வளவு இறுக்கணும்?

நூலின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 8 இறாத்தல் நூலுக்கு அது ஏறத்தாழ ஒரு கிலோ. வீட்டிலேயே சரிபார்க்கலாம்: ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தில் நூல் முனையைக் கட்டி, ராட் இல்லாமல் ரீலை மட்டும் கையில் பிடித்துத் தூக்குங்கள். பொட்டலம் தரையை விட்டு எழும்பும்போது டிராக் மெல்ல நழுவ வேண்டும். நழுவாவிட்டால் தளர்த்துங்கள், பொட்டலம் அசையாமலே நழுவினால் கொஞ்சம் இறுக்குங்கள்.

மீன் ஓடி டிராக் நழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். நூல் உள்ளே வராது, முறுக்குத்தான் ஏறும். மீன் நின்றதும் சுற்றுங்கள்.

பின்னல் நூல் மெல்லிசா பலமா இருக்குதாமே. அதையே போட்டா?

மெல்லியது, பலமானது, நீளாதது, எல்லாம் உண்மைதான். புதியவருக்கு அதன் குறைதான் முதலில் தெரியும்: கல்லில் உரசினால் சட்டென்று அறும், சிக்கினால் அவிழ்க்க ஊசி வேண்டும், விலையும் கூட. வழுக்குவதால் ஸ்பூலின் அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றி அதன் மேல்தான் இதைச் சுற்ற வேண்டும். புல்லுக்குள் விரால் பிடிப்பவருக்கு அது அவசியம். மற்றவர்கள் முதல் வருடம் தங்கூசியிலேயே பழகுங்கள்.

ஊசி நம்பர் ஒன்னுமே புரியல. பத்தாம் நம்பர் பெருசா, நாலாம் நம்பர் பெருசா?

நான்கு பெரிது. எண் கூடக் கூட ஊசி சின்னதாகும். ஒன்றைத் தாண்டினால் கணக்குத் திரும்பும்: 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏறப் பெரிதாகும்.

திலாப்பியாவுக்கு 8 அல்லது 10. கார்ப்புக்கு 4 அல்லது 6. விராலுக்கு 1/0 முதல் 3/0. சந்தேகம் என்றால் சின்னதை எடுங்கள். சின்ன ஊசியில் பெரிய மீன் மாட்டும், பெரிய ஊசி சின்ன வாய்க்குள் போகாது. நகத்தின் மேல் முனையை இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மொட்டை, கீறினால் கூர்.

முடிச்சு எங்கிட்ட மட்டும் அவுந்துகிட்டே இருக்கு. கடைல மோசமான நூல் குடுத்திட்டாங்களா?

நூலில் குறை இருக்காது. நூலை ஊசிக் கண்ணில் விட்டு, நூலைச் சுற்றியே ஐந்தாறு முறுக்குப் போடுங்கள். முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணியில் நுழைத்து, அதனால் உண்டாகும் பெரிய கண்ணிக்குள்ளும் ஒரு முறை நுழையுங்கள். இப்போது எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டில் தங்கூசி அந்த இடத்திலேயே பலம் இழக்கும். "பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது" என்ற கதைகளில் பாதி காய்ந்த முடிச்சின் கதை.

மிதவை வைக்கிறதா, ஈயம் போட்டு அடில விடுறதா?

மீனைப் பொறுத்தது. திலாப்பியாவுக்கு மிதவை. மெல்லிய குச்சி மிதவையாக, நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்குச் சின்ன ஈய மணியை நூலில் நசுக்கி மாட்டுங்கள். பந்து மாதிரிப் பெரிய மிதவை வைத்தால் மீன் அதை இழுக்கும் கனத்தை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் தொடங்கி, கொத்தல் இல்லையென்றால் அரை அடி அரை அடியாக இறக்குங்கள்.

கார்ப்புக்கு அடியில். 10 முதல் 15 கிராம் வரையான, நடுவில் துளையுள்ள ஈயத்தை நூலில் நழுவ விட்டு, கீழே சுவிவல் (சுழலும் சின்ன இணைப்பு வளையம்) கட்டி, அதிலிருந்து ஒரு முழம் நூலும் ஊசியும். மீன் இழுக்கும்போது நூல் துளை வழியே போகும், ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது.

இரைக்குக் காசு செலவழிக்கணுமா? லூர் பெட்டி ஒன்னு பார்த்து வச்சிருக்கேன்.

முதல் ஆறு மாதம் வேண்டாம். சாணிக்குழி ஓரம், மரக்கறித் தோட்டத்து ஈர மண்ணில் மண்புழு கிடைக்கும். பாணின் வெள்ளைப் பகுதியைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்தால் திலாப்பியாவுக்கு இரை. கார்ப்புக்கு அவித்த சோள மணி, அல்லது கோதுமை மாவைக் கொஞ்சம் சீனி சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருண்டை. புழுவை முழுதாகத் தொங்கவிடாதீர்கள், ஊசியை மறைக்கும் அளவு போதும்.

லூர், அதாவது செயற்கை இரை, வாங்கியே தீருவேன் என்றால் பெட்டியாக வாங்காமல் மூன்று மட்டும் வாங்குங்கள்: 5 முதல் 7 கிராம் வரையான சுழலும் தகட்டு ஸ்பின்னர் ஒன்று, அதே எடையில் கரண்டி வடிவத் தகடான ஸ்பூன் ஒன்று, விரால் இருக்கும் இடமென்றால் ரப்பர்த் தவளை ஒன்று. பெட்டியில் வரும் முப்பதில் இருபத்தைந்து தண்ணீரைப் பார்க்காமலே துருப்பிடிக்கும்.

கைல இருக்கிறது கொஞ்சக் காசு. எதுல போடுறது, எதுல மிச்சம் புடிக்கிறது?

கையிலிருப்பதில் பாதியை ரீலுக்கு ஒதுக்குங்கள். மலிவு ராட் வேலை செய்யும், மலிவு ரீல் ஆறு மாதத்தில் பல் தேயும். மிச்சத்தில் நல்ல நூலும் நல்ல ஊசியும். ஊசி பத்து வாங்குங்கள், மாட்டி அறும். கடைசியாக மிஞ்சும் காசுக்குக் கிடைக்கும் ராட்டை, மேலே சொன்ன மூன்று சோதனையும் செய்து எடுங்கள். மிதவையை மயிலிறகுத் தண்டிலோ காய்ந்த நாணலிலோ வீட்டிலேயே செய்யலாம். பெட்டிக்குப் பதில் பால்மா டின் போதும்.

ராட், ரீல், நூல், லூர் எல்லாம் ஒரே உறையில் செட்டாக விற்பார்கள். எடுக்கலாம், ஆனால் அதில் சுற்றி வரும் நூலைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நூலைச் சுற்றும்போது ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். குறைவாக இருந்தால் தூரம் போகாது, நிரம்பி வழிந்தால் கொத்தாகக் கழன்று விழும்.

ஒவ்வொரு எறிக்கும் நூல் சிக்கிக்குது. என்ன தப்பு பண்றேன்?

அநேகமாக பெயில். எறிந்ததும் கைப்பிடியைச் சுற்றித்தான் பெயிலை மூடுகிறீர்கள், நூல் தளர்ந்தபடியே ஸ்பூலில் ஏறுகிறது. இரை தண்ணீரில் விழுந்ததும் இடக்கையால் பெயிலை மூடி, நூலை ஒரு தரம் இழுத்து விறைப்பாக்கி, அப்புறம் சுற்றுங்கள். இந்த ஒரு பழக்கத்தில் பாதிச் சிக்கல் தீரும். மிச்சம், டிராக் நழுவும்போது சுற்றி ஏற்றிய முறுக்கு. அதை மேலே சொல்லிவிட்டேன்.

மவுஸ்ஸாகலையில போட்டா எல்லாம் மாட்டிக்குது. ஒரு நாளைக்கு ஆறு ஊசி போச்சு.

அங்கே தண்ணீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலின் கற்கள் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சுவர், படிக்கட்டு, மரக்கட்டை எல்லாவற்றிலும் ஊசி மாட்டும். மீனும் அங்கேதான் ஒதுங்கும், ஆகவே இடத்தை விட்டுவிட முடியாது.

அடியில் ஈயம் போடுவதை நிறுத்தி மிதவைக்கு மாறுங்கள். ஈயம் போட்டே ஆக வேண்டுமென்றால், அதை மெல்லிய தனி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மாட்டினால் அந்த நூல் மட்டும் அறும், மீனும் ஊசியும் உங்களுக்கு. இன்னும் நல்ல வழி, தண்ணீர் குறைந்த மாதத்தில் ஒரு நாள் ராட் இல்லாமல் போய்க் கரையோரமாக நடந்து, எந்தக் கல் எங்கே, எந்தக் கட்டை எங்கே என்று கொப்பியில் வரைந்து வைப்பது. தண்ணீர் ஏறிய பிறகு அந்தப் படத்துக்கு விலையே இல்லை. மாட்டிய நூலை ராட்டால் இழுக்காதீர்கள், ராட் முறியும். ராட்டை நேராக நீட்டி, ஸ்பூலைக் கையால் அடக்கிப் பின்னால் நடங்கள்.

நுவரெலியாவுல காலைல அஞ்சு மணிக்கே போறேன், ஒன்னுமே கடிக்கல. ராட் சரியில்லையா?

ராட்டில் தவறில்லை. திலாப்பியா வெயில் மீன், குளிர்ந்த நீரில் வாயைத் திறக்காது. தை, மாசிக் குளிரில் ஒன்பது மணி வரை தூங்கிவிட்டு, வெயில் படும் ஆழம் குறைந்த ஓரத்துக்குப் போங்கள். கிரகரி வாவி போன்ற குளிர் நீரில் கார்ப்பைத் தேடுவது நல்லது. தென்மேல் பருவ மழையில் தண்ணீர் செம்மண்ணாகும் நாட்களில் மணம் உள்ள இரைதான் வேலை செய்யும், மண்புழு அல்லது மா.

இதே ராட்டை ஹோட்டன் சமவெளிக்குக் கொண்டுபோய் ட்ரவுட் புடிக்கலாமா?

வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் அந்த உயரத்து ஓடைகளில் இருப்பது உண்மை. ஆனால் ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. நினைத்தபடி தூண்டிலோடு போகும் இடம் அல்ல. ராட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய் வாருங்கள்.

டேம்ல போட யார்கிட்டயாவது கேக்கணுமா?

அணைக்கட்டு, மின்நிலையம், நீர் உள்ளிழுக்கும் கோபுரம், வான்கதவு ஆகிய இடங்களுக்குப் பக்கத்தில் போகவே கூடாது, அவை பாதுகாப்பு வலயங்கள். மற்ற ஓரங்களுக்குத் தோட்டத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். வெளித் தோட்டம் என்றால் காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். அங்கே வலை போட்டுப் பிழைக்கும் மீனவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். வலை எங்கே கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும், உங்கள் ஊசி வலையைக் கிழித்தால் ஒரு குடும்பத்தின் நாள் வருமானம் போகும்.

எனக்கு நீச்சல் தெரியாது. கரைல நின்னு போடுறதுக்கு என்ன பயம்?

பயப்பட வேண்டியது மூன்று. தண்ணீர் இறங்கிய பின் தெரியும் சேற்றுப் படுகை மேலே காய்ந்திருக்கும், உள்ளே இடுப்பளவு களி இருக்கும். புல் முளைத்த இடத்தைத் தாண்டி இறங்காதீர்கள். இரண்டாவது, அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் தூண்டில் போடும்போது வான்கதவு திறந்தால் நீர் சில நிமிடங்களில் ஏறும். சைரன் கேட்டால் சாமானை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. மின்நிலையங்கள் இருக்கும் பக்கமெல்லாம் உயர் அழுத்த மின்கம்பிகள் தலைக்கு மேலே போகின்றன. கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். கம்பிக்குக் கீழே ராட்டை நிமிர்த்திப் பிடித்து நடக்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் உடனே ராட்டைத் தரையில் படுக்க வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். அட்டைக்குக் காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் போதும்.

என் மக கேக்குறா, பொம்பளப் பிள்ளைகளுக்குன்னு ராட் இருக்கான்னு.

தனியாக இல்லை, தேவையும் இல்லை. கை சின்னதாக இருந்தால் ஆறடி ராட், 1000 அல்லது 2000 ரீல். அம்மா கொழுந்து எடுக்கும் விரல் வேகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, கொத்தல் தெரிந்து இழுக்கும் நேரத்தை நம்மைவிடச் சீக்கிரம் பழகிவிடும்.

சின்ன மீன் வந்தா என்ன செய்றது? விட்டா செத்துப் போகாதா?

கையை நனைத்துப் பிடித்து, ஊசியை எடுத்து, தண்ணீருக்குள் வைத்து விடுங்கள், பிழைக்கும். காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். ஊசி தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் நூலை ஓரத்தில் வெட்டி விடுங்கள். பெண் திலாப்பியா முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். தூக்கும்போது வாயிலிருந்து குஞ்சு கொட்டினால் உடனே தண்ணீரில் இறக்கிவிடுங்கள். மேல்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால் அதன் கீழே தாய் விராலோ தகப்பன் விராலோ நிற்கும். அதற்கு ஊசி போடாதீர்கள்.

பழைய தங்கூசியை எப்ப மாத்தணும்? அறுந்ததை என்ன செய்றது?

வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். வெயில் தங்கூசியைக் கெடுக்கும், ஆகவே ராட்டைக் கூரை ஓரத்தில் தொங்கவிடாமல் லயத்துக்குள்ளேயே நிழலில் வையுங்கள். நுனி இரண்டு மீட்டரை விரலிடையில் ஓட்டிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வெட்டிவிடுங்கள்.

அறுந்த நூலைக் கரையில் விடாதீர்கள். காசல்ரீயில் காலில் தங்கூசி இறுகி, சிறகை அடித்துக்கொண்டிருந்த ஒரு நீர்க்காகத்தை வெட்டி விடுவித்திருக்கிறேன். கால் ஏற்கெனவே கறுத்திருந்தது. அதிலிருந்து என் பையில் மூடியுள்ள ஒரு தகரப் பேணி எப்போதும் இருக்கும். என் நூல், அடுத்தவர் விட்ட நூல் எல்லாம் அதற்குள் போகும். வீட்டில் கத்தரிக்கோலால் விரல் நீளத் துண்டுகளாக வெட்டித்தான் குப்பையில் போடுகிறேன்.